பூஜையன்று அளந்த சிக்னல்

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. நானாக வெளியேறவும் மனம் வரவில்லை. போன வாரம் அதில் ஒரு அட்டவணை வந்தது. புது யூனிட்டுக்கு வைஃபை போடப்போகிறார்களாம். மூன்று நிறுவனங்கள் விலை கொடுத்திருக்கின்றன. இடது பக்கம் பதினாறு அம்சங்கள், வலது பக்கம் மூன்று பத்திகளில் டிக் குறிகள். கீழே, "ஜெசி மேடம், எது பெஸ்ட்? ஒரு வரியில சொன்னா போதும்" என்று ஒரு கேள்வி, இரண்டு கும்பிடும் கைகளுடன்.

அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சு அசலாக இப்படி ஒன்றை நானும் போட்டிருக்கிறேன். அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு மனிதர் சூடான தரையில் படுத்துக் கிடந்தார். ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். படிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். பட்டப்படிப்பையும் தட்டச்சையும் முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு கியர் செய்யும் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எந்த எக்ஸ்டென்ஷனில் யார் எப்படி இருமுவார் என்பது வரை அத்துப்படி. பிறகு போர்டு போய்க் கணினி வந்தது. ஒயர் இழுக்க வந்தவர்களோடு நின்று ஒயரைக் கற்றேன். ஒயரே இல்லாத காலம் வந்தபோது அதையும் கற்றேன். கல்யாணமாகித் திருநின்றவூரில் வீடு, காலையில் லோக்கல் ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கி நடை. முப்பது வருடம் இவ்வளவுதான். கடைசி மூன்று வருடத்தில் நடந்த ஒன்றுதான் எனக்கு இன்னமும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அப்போது கணினிப் பிரிவில் எனக்கு மேலதிகாரி கார்த்திகேயன். என்னைவிடப் பதினாறு வயது இளையவர், சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கெட்ட செய்தி சொன்னால் முதலில் செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். பேனாவுக்கு மூடி போடுவார். மேசை மேல் கிடக்கும் தாள்களை நான்கு பக்கமும் தட்டி ஒரே கட்டாக்குவார். அப்புறம், "பரவாயில்ல மேடம்" என்பார். அந்தப் 'பரவாயில்ல'வைக் கேட்டு நடுங்காதவர் எங்கள் பிரிவில் கிடையாது. அதற்குப் பிறகு அவர் பேசவே மாட்டார். நாமாக ஒவ்வொன்றாகக் கக்கி முடிக்க வேண்டும். வயிற்றுப்புண் என்பதால் பன்னிரண்டரைக்குத் தயிர்சாதம், அதில் ஊறுகாய் கிடையாது. நானோ கேஸை மூடினேனா என்று ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி வருகிற ரகம். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் சேர்ந்து நடத்திய பிரிவு அது.

எங்கள் தொழிற்சாலையில் கியர்களை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் இறக்கிக் கெட்டியாக்கும் ஷெட் ஒன்று உண்டு. ஃபர்னஸ் பக்கம் என்போம். அங்கே உலை பார்ப்பவர் செல்வமணி. வேப்பம்பட்டுக்காரர். நான் ஏறும் ரயிலில் எனக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் ஏறியிருப்பார். பட்டரவாக்கத்தில் இறங்கியதும், "இன்னா யக்கா, இன்னிக்கும் நின்னுகினேதான் வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி விடுவிடுவென்று நடந்துவிடுவார். எல்லோருக்கும் நான் மேடம். அவருக்கு மட்டும் அக்கா.

அந்த வருடக் கோடையில் செல்வமணி இரண்டு உலைகளுக்கு நடுவே உள்ள சந்தில் மயங்கி விழுந்துவிட்டார். தனியாகப் பார்க்கும் வேலை. சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. டீ கொண்டுபோன கேன்டீன் அம்மா, முன்பு வைத்துவிட்டுப்போன டீ அப்படியே ஆடை கட்டி இருப்பதைப் பார்த்துத் தேடியிருக்கிறார். விழுந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்றார்கள். இடது கை உலையின் அடிப்பட்டையில் பட்டு முழங்கை வரை வெந்துவிட்டது. அவர் திரும்பி வேலைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. தனியாக வேலை பார்ப்பவர்கள் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் அசையாமல் முப்பது விநாடி கிடந்தால் அது பீப் அடிக்கும். அப்போதும் அசையாவிட்டால் வைஃபை வழியாக கேட்டில் உள்ள செக்யூரிட்டி அறைக்குச் செய்தி போய் அங்கே ஹூட்டர் அலறும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். கருவி தயார். ஆனால் எங்களிடம் இருந்த பழைய வைஃபை அலுவலகத்துக்குள்ளேயே மாடிப்படி தாண்டாது. ஆகவே தொழிற்சாலை முழுவதற்கும் புது வைஃபை. மூன்று நிறுவனங்களை வரவழைத்து, ஒப்பிட்டு, எது என்று சொல்ல வேண்டியது நான்.

மூன்றுக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டேன். முதலாமவர் பெட்டிக்காரர்: கூரையில் மாட்டும், வைஃபை சிக்னல் விடும் வெள்ளை டப்பாக்கள் எல்லாவற்றையும் மேய்க்க, சர்வர் அறையில் ஒரு பெரிய பெட்டி வைப்பார். டப்பாக்கள் அந்தப் பெட்டி சொல்வதைக் கேட்கும்; பெட்டி படுத்தால் எல்லாம் படுக்கும். இரண்டாமவர் மேகக்காரர்: பெட்டி எல்லாம் எதற்கு, இன்டர்நெட்டில் எங்கள் மேகத்திலிருந்து நாங்களே மேய்க்கிறோம் என்பார். திரையில் பார்க்க அழகோ அழகு. ஆனால் வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் அழகும் போச்சு, சிக்னலும் போச்சு. மூன்றாமவர் தனிக்கட்டை: ஒவ்வொரு டப்பாவும் தன் காலிலேயே நிற்கும், பெட்டியும் வேண்டாம், மேகமும் வேண்டாம். ஒன்று கெட்டால் அன்றே மாற்றித்தர அம்பத்தூரிலேயே அவருக்கு ஆள் இருந்தார்.

என் சோதனை முறை டெலிபோன் போர்டு காலத்திலிருந்து வந்தது. ஒரு கையில் தொழிற்சாலையின் வரைபடம், தள்ளுவண்டியில் மடிக்கணினி. பத்தடிக்கு ஒரு முறை நின்று சிக்னலை அளப்பேன். அது மைனஸ் கணக்கில்தான் வரும்; எண் ஏற ஏறச் சிக்னல் மெலிவு. மைனஸ் அறுபத்தைந்துக்குள் இருந்தால் வரைபடத்தில் பச்சைப்புள்ளி, எழுபத்தைந்தைத் தாண்டினால் சிவப்பு, நடுவில் மஞ்சள். அது முடிந்ததும் வைஃபை போனில் கார்த்திகேயனைக் கூப்பிட்டு, கேட்டிலிருந்து ஃபர்னஸ் வரை ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே நடப்பேன். அவர் தன் அறையில் உட்கார்ந்து எந்த எண் காதில் விழவில்லையோ அதைக் குறித்துக்கொள்வார். ஒரு டப்பாவின் எல்லையைத் தாண்டி அடுத்ததற்குப் போகும்போது போன் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்கும். அந்த இடத்தில் எண்கள் விழுங்கப்படும். எந்த நிறுவனம் எத்தனை எண்களை விழுங்குகிறது என்பது எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இருக்காது.

முறையில் தப்பில்லை. தப்பு நான் தேர்ந்த நாளில்.

தேர்ந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஓடும் ஷாப்பில் ஏணி போட்டு டப்பா மாட்ட புரொடக்ஷன் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் எல்லாம் நிக்கும். அப்ப வந்து எவ்ளோ வேணா ஆடிக்கோங்க மேடம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யார் காலிலும் இடறாமல் அளக்கலாமே.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை எப்படி என்று வெளியாட்களுக்குத் தெரியாது. முதல் நாளே மெஷின்களை நிறுத்திவிடுவார்கள். கியர் நிரப்பிய இரும்புப் பெட்டிகளை எல்லாம் ஃபோர்க்லிப்டில் தூக்கிக்கொண்டுபோய் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கிவிட்டுத் தரையைக் கழுவுவார்கள். மறுநாள் வாசலில் வாழைமரம், மெஷினுக்கு மெஷின் சந்தனம் குங்குமம், கூரையில் ஓடும் கிரேனை ஒரு மூலைக்குத் தள்ளி அதற்கும் ஒரு மாலை. வருடத்தில் அந்த ஒருநாள்தான் ஷெட்டின் இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியும்.

அந்த இரண்டு நாளில்தான் மூன்று நிறுவனத்தின் டப்பாக்களையும் மாற்றி மாற்றி மாட்டி அளந்தேன். எல்லாம் பச்சை. மூன்றுக்கும் பச்சை. எண்ணிக்கொண்டே நடந்ததில் மொத்தமே இரண்டு எண்கள்தான் விழுங்கப்பட்டன. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேஸ் மூடியதையே இரண்டு முறை பார்க்கிறவளுக்கு அன்று மட்டும் வரவில்லை. பூஜை முடிந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஃபர்னஸ் பக்கம் அளக்கும்போது செல்வமணி உலைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பொரியும் சுண்டலும் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினார். தழும்பு ஏறிய கை.

"யக்கா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். இந்த டப்பி நெசமாவே வேலை செய்யுமா? இல்ல சும்மா இடுப்புல கட்டிகினு திரியணுமா?"

மடிக்கணினியைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். "பாருங்க, நீங்க விழுந்த இடம்தானே இது? எவ்ளோ பச்சையா இருக்கு."

"அப்ப செய்யும்ன்ற?"

"செய்யும்" என்றேன். பொரியை மென்றுகொண்டே சொன்னேன்.

அறிக்கை எழுதினேன். சிக்னலில் மூன்றும் சமம் என்பதால், பராமரிக்க எளிது, உடனே மாற்ற ஆள் உண்டு என்று தனிக்கட்டையைப் பரிந்துரைத்தேன். அளவு எடுத்த இடத்தின் படம் ஒன்று நான்காம் பக்கத்தில். கழுவிய தரை, வாழைமரம், மூலையில் மாலை போட்ட கிரேன். கார்த்திகேயன் பார்த்து, "நல்லா ப்ரெசன்ட் பண்ணியிருக்கீங்க மேடம்" என்றார். எம்.டி.யும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அடுத்த திங்கள்கிழமை ஆர்டர் கையெழுத்தாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை லேபிள் பிரிண்டர் ஏதோ மக்கர் செய்கிறது என்று ஷாப்புக்குப் போனேன். பிரிண்டரைச் சரி செய்துவிட்டு, வந்ததும் வந்தோம் என்று ஃபர்னஸ் பக்கம் எட்டிப் பார்த்தேன். நான் பொரி தின்ற இடம் இல்லை. அதாவது இடம் இருக்கிறது, பார்வைக்கு இல்லை. சந்தின் இரு புறமும் இரும்புப் பெட்டிகள் நான்கு அடுக்கு, என் தலைக்கு மேல் இரண்டு முழம். அண்ணாந்து பார்த்தேன். கூரையில் தனிக்கட்டையின் டப்பா ஒன்றை இன்னும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். பூஜையன்று நான் நின்ற அதே இடத்துக்குப் போனால் இப்போது அது எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கிரேன் வேறு ஒரு கூடை கியரைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேல் குறுக்கே போயிற்று.

வைஃபை இரும்பைத் துளைக்காது. இது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். நான் அளந்தது தொழிற்சாலையை அல்ல, கழுவி வைத்த கல்யாண மண்டபத்தை.

பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். போனில் அறிக்கையைத் திறந்து நான்காம் பக்கத்தைப் பார்த்தேன். தப்பு ஒளிந்துகூட இல்லை. வண்ணப்படமாகப் பக்கத்தின் நடுவிலேயே இருந்தது. ஆறு பேர் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றாது, விட்டுவிடு என்று ஒரு எண்ணம் வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்று வருடம்தான் மிச்சம். ஒருவேளை சிக்னல் எப்படியாவது சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஒருவேளை செல்வமணி இனிமேல் விழாமலே இருக்கலாம். இந்த இரண்டாவது நினைப்பு வந்தவுடன் எனக்கே என் மேல் அருவருப்பாகிவிட்டது. நேராகக் கார்த்திகேயன் அறைக்குப் போனேன்.

பன்னிரண்டரை. டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நின்றபடியே சொன்னேன். செல்போன் குப்புறப் படுத்தது. பேனாவுக்கு மூடி. தாள்கள் நான்கு பக்கமும் தட்டப்பட்டன.

"பரவாயில்ல மேடம்."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க சார், எனக்கு பயமா இருக்கு. எல்லாம் காலியா இருந்தப்ப அளந்துட்டேன். இரும்புப் பெட்டி அடுக்கியிருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே செய்யும்னு எழுதிட்டேன்."

தயிர்சாதத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம் கேட்டார்: "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

அமுக்கப்போகிறார் என்றே நினைத்தேன். "உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் சார்."

"நல்லதாப் போச்சு. வேற யாராவது கண்டுபிடிச்சு சொல்றதுக்குள்ள நாமளே சொல்லிடலாம். ஆனா வெறும் வாயால போய் சொன்னா எம்.டி. நம்ப மாட்டாரு. நாளைக்கு ஷாப் ஓடும்போது ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம். அது வேலை செஞ்சாலும் சரி, செய்யலைன்னாலும் சரி, அதை எடுத்துட்டுப் போறேன்." டிபன் டப்பாவை அப்படியே மூடினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பதினோரு மணி. எல்லா உலையும் எரிகிறது, கிரேன் ஓடுகிறது, பெட்டிகள் நான்கு அடுக்கு. தனிக்கட்டையின் டப்பாக்கள் அனைத்தையும் மறுபடி மாட்டச் சொல்லியிருந்தோம். கருவியை ஒரு பலகையில் கட்டித் தரையில் போட்டுவிடலாம் என்பது என் யோசனை. அதற்குள் செல்வமணிக்கு விஷயம் எட்டிவிட்டது.

"பலகை இன்னாத்துக்கு? நான்தான விழுந்தேன்? எந்த எடம், எப்டி கெடந்தேன்னு எனுக்குத்தான தெரியும்? ஆளு கெடக்கறதுக்கும் பலகை கெடக்கறதுக்கும் வித்தியாசம் இல்லியா?"

வித்தியாசம் உண்டு. மனித உடம்பும் சிக்னலைக் குடிக்கும். அது எனக்குத் தெரிந்ததால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு கோணியை விரித்து, வெந்த கையை உடம்புக்கு அடியில் மடக்கி, கருவி அடியில் அழுந்தும்படி ஒருக்களித்துப் படுத்தார்.

"அசைஞ்சா அது நின்னுடும். நான் போன்ல சொன்னதுலேர்ந்து, வந்து எழுப்புற வரைக்கும் அசையவே கூடாது, சரியா?" என்றேன்.

"நீ போ யக்கா, நான் பாத்துக்கறேன்."

கேட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். செக்யூரிட்டி முனுசாமி ஹூட்டருக்கு நேர் கீழே நாற்காலியில் இருந்தார். கார்த்திகேயன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார். செல்வமணிக்குப் போன் செய்து ஆரம்பிக்கச் சொன்னேன். முப்பது விநாடி. ஒரு நிமிடம். ஹூட்டர் பேசவில்லை.

"கொஞ்சம் லேட் ஆகும்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

இரண்டு நிமிடம். முனுசாமி எழுந்து ஹூட்டரின் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். "நேத்து டெஸ்ட்டு பண்ணப்ப நல்லாத்தான் கத்துச்சு மேடம்." மூன்று நிமிடம். வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று அந்தச் சிவப்புக் குழலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பார்க்கப் பார்க்கத்தான் அது வரும் என்பதுபோல ஒரு பைத்தியக்காரத்தனம். கார்த்திகேயன் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அதற்கு அர்த்தம் புரிந்து நான் ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில், புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தில் ஐ.டி. கார்டு முகத்தில் அடிக்க, ஃபோர்க்லிப்டுகளுக்கு நடுவே ஓடினேன்.

செல்வமணி விட்ட இடத்தில் விட்டபடியே கிடந்தார். கண்கள் மூடியிருந்தன. நெற்றி வியர்வை கோணியில் ஊறி ஒரு வட்டம் போட்டிருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. அந்த ஒரு கணம் எனக்கு உயிர் போய் வந்தது.

"செல்வமணி!"

கண்ணைத் திறந்தார். "வந்துச்சா யக்கா?"

"வரலை."

"அதான் பாத்தேன். யாரையும் காணமேன்னு." எழுந்து உட்கார்ந்து கோணியை உதறினார். நீதானே செய்யும் என்றாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

கார்த்திகேயன் அன்று மதியமே எம்.டி. அறைக்குப் போனார். நானும் உடன் போனேன். 'இவர் தப்பு' என்றோ 'என் தப்பு' என்றோ அவர் சொல்லவில்லை. "நாங்க அளந்த நாள் தப்பு சார். நாலாம் பக்கத்துப் படத்தைப் பாருங்க" என்றார். எம்.டி. படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நானும்தானேய்யா பார்த்தேன் இதை" என்று முனகினார். ஆர்டர் நின்றது. என் வேலை நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன், அது நிற்கவில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் நிற்கப்போகிறது என்றே நினைத்துக்கொண்டு பட்டரவாக்கத்தில் இறங்கினேன்.

மறுபடி மூன்றையும் அளந்தோம். இம்முறை ஷாப் ஓட ஓட, ஷிப்டு நடுவில், புரொடக்ஷன் மேனேஜரின் திட்டை வாங்கிக்கொண்டு. முன்பு பச்சையாக இருந்த வரைபடம் அம்மை போட்ட உடம்பு மாதிரி சிவப்பாகிவிட்டது, மூன்றுக்குமே. எண்ணிக்கொண்டு நடந்ததில் தனிக்கட்டை முப்பத்தோரு எண்களை விழுங்கியது, மேகக்காரர் இருபது, பெட்டிக்காரர் ஒன்பது. பெட்டிக்காரர் குறைவாக விழுங்கியதற்குக் காரணம், எந்த டப்பாவிலிருந்து எதற்குப் போவது என்று அந்தப் பெட்டியே போனுக்கு எடுத்துச் சொன்னது. ஆனால் ஒன்பதும் விழுங்கப்பட்டது ஃபர்னஸ் சந்தில். எந்த டப்பா நல்லது என்றே இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தோம். டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவர்கள் மூவரும் கூரையில் மாட்டினார்கள், ஏனென்றால் எல்லோரும் கூரையில்தான் மாட்டுவார்கள். கீழே விழுந்த மனிதன் கூரைக்கு ரொம்ப தூரம். பெட்டிக்காரரைப் பிடித்து உட்காரவைத்து, ஃபர்னஸ் பக்கம் மட்டும் தூண்களில் இடுப்பு உயரத்தில், சந்துக்குச் சந்து ஒரு டப்பா, வெப்பம் தாங்கும் உறையோடு என்று மாற்றி வாங்கினோம். சந்தின் வாயில் மஞ்சள் கோடு போட்டு, அதைத் தாண்டி இரும்புப் பெட்டி அடுக்கக் கூடாது என்று புரொடக்ஷன் மேனேஜரிடம் எழுதி வாங்கியது கார்த்திகேயனின் சாமர்த்தியம்.

ஆர்டரில் ஒரு நிபந்தனையை நானே சேர்த்தேன். வேலை நடக்கும் நேரத்தில், சரக்கு முழுக்க அடுக்கியிருக்கும்போது, ஒரு ஆள் கருவியோடு சந்தில் படுத்து, ஒரு நிமிடத்துக்குள் ஹூட்டர் ஒலித்தால்தான் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்வோம் என்று. பெட்டிக்காரரின் விற்பனை ஆள், இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டைக்காரர், அதை இரண்டு முறை படித்தார். "படுக்கணும்னா... நெஜமாவே படுக்கணுமா மேடம்?" என்றார்.

கடைசிச் சோதனை நாளும் வந்தது. நண்பகல் ஷிப்டு. வெள்ளைச் சட்டைக்காரர் தரையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். அதற்குள் செல்வமணி கோணியோடு வந்துவிட்டார்.

"நீங்க வேணாம்" என்றேன். "நான் படுக்கறேன்."

"யக்கா, பொடவை பாழாப் பூடும்."

"போனா போகட்டும்."

கார்த்திகேயன் தடுக்க வாயெடுத்தார்; என் முகத்தைப் பார்த்துவிட்டு கேட்டுக்குப் போனார். கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். செல்வமணி கோடு தாண்டி விலகி நின்றார். ஒருக்களித்ததும் அவர் எனக்குத் தெரியவில்லை. பெட்டிகளின் துருப்பிடித்த அடிப்பாகமும், மேலே ஒரு நூலளவு கூரையும் மட்டும்தான் தெரிந்தன. உலை உறுமுவது தரை வழியாக விலா எலும்பில் ஏறியது. வெக்கையில் மூச்சுக்காற்றே எண்ணெய் வாடை அடித்தது. இங்கிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று நினைத்தேன். கத்திப் பார்க்க வேண்டும்போலவும் இருந்தது.

மாதாவை வேண்டி அருள் நிறை மந்திரம் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே வார்த்தை மறந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து சொல்கிற மந்திரம். இடுப்பில் கருவி பீப் அடிக்கத் தொடங்கியது, அப்புறம் நின்றது. ஒன்றுமில்லை. உலை மட்டும். மறுபடியும் போச்சு, மறுபடியும் தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். யாரும் வரப்போவதில்லை என்று அந்த நேரத்தில் நான் மனதார நம்பினேன். கால் கட்டைவிரல் தானாகத் துடித்தது. அசைந்தால் எல்லாம் வீணாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கோ தூரத்தில் ஹூட்டர் அலறியது. பிறகு பூட்ஸ் சத்தம். முனுசாமி பெரிய உடம்போடு மூச்சிரைக்க வந்து நின்றார். பின்னாலேயே கார்த்திகேயன், சட்டை வெளியே வந்து, கையில் கடிகாரத்தோடு. "அம்பத்தி நாலு செகண்ட் மேடம்! அம்பத்தி நாலு!" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை. அழுதுகொண்டிருந்தேன். முனுசாமி நிஜமாகவே மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தேடி ஓடினார். செல்வமணி வந்து பக்கத்தில் குந்தினார்.

"இன்னா யக்கா, பயந்துட்டியா?"

"ஆமா" என்றேன். "ஒரு நிமிஷம்கூட முழுசா ஆகலை. அதுக்கே இப்படி. நீங்க அன்னைக்கு இருபது நிமிஷம் எப்படிக் கிடந்தீங்க?"

"அன்னிக்கு எனுக்கு இன்னா தெரியும்? மயங்கிட்டேன். முழிச்சிப் பாத்தா ஆஸ்பத்திரி." கோணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ படுக்க வெச்சியே யக்கா, அந்த நாலு நிமிசம். அப்பதான் முழிச்சிகினு கெடந்தேன். அப்பதான் பயந்தேன்."